குறிஞ்சிக்கு ஓராண்டு பிந்திய காமிராக்கள்

குடும்பப்படம் என்றால் நமக்கு பீம்சிங்கின் ‘பா’ வரிசைப் படங்கள்தாம் நினைவுக்கு வரும். ஒரு குடும்பம் தன்னைத் தானே, தனக்காகவே எடுத்துவைத்துக்கொண்ட படத்திற்குத் தமிழில் இன்னும் நிலைபெற்ற பெயர் ஒன்று அமையவில்லை. பெயர் அமையாததாலோ என்னவோ, அதன் வரலாறும் அவ்வளவாக எழுதப்படவில்லை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ரயில்வே வேலையை உதறிவிட்டுப் படம்காட்டும் கருவியோடு ஊர்ஊராகக் கிளம்பியதையும், நடராஜ முதலியார் கீசகவதம் எடுத்ததையும் தியடோர் பாஸ்கரன் முதலான ஆய்வாளர்களின் உழைப்பால் அறிந்திருக்கிறோம். திரையரங்கின் வாசலையே மிதிக்காத சுருள்கள், அதாவது காதுகுத்தையும் கல்யாணத்தையும் கோடை விடுமுறையையும் பதிந்துவைத்தவை, பீரோவின் அடித்தட்டில் கிடக்கின்றன. இக்கட்டுரையில் அவற்றை வீட்டுப்படம் என்றே அழைக்கிறோம்.

வீட்டுக்கு ஒரு காமிரா வாங்குவது கடையில் அரைமணி நேரத்தில் முடிந்துபோகும் காரியம். விலை என்ன, எடை என்ன, ஒரு சுருளில் எத்தனை நிமிடம் ஓடும், இருட்டில் எடுக்குமா என்ற நான்கைந்து கேள்விகளுக்குமேல் யாரும் கேட்பதில்லை. ஆனால் அக்கேள்விகளுக்கு ஒரு குடும்பம் கண்ட விடைதான், ஐம்பது ஆண்டுகள் கழித்து ஓர் ஊரைப் பற்றி என்ன மிஞ்சும், என்ன மிஞ்சாது என்பதைத் தீர்மானித்திருக்கிறது. பழனி மலைத்தொடரையும் கொடைக்கானலையும் எடுத்துக்கொண்டால் இது துலக்கமாகத் தெரிகிறது. காமிராவோடு போகும் ஊர் அது. அத்துடன், அம்மலைக்குத் தனியாக ஒரு நாட்காட்டியும் உண்டு.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியைத்தான் சொல்கிறோம். ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ நீலகிரிப் படகர்களின் வாழ்வைக் குறிஞ்சி பூக்கும் காலங்களோடு சேர்த்துச் சொன்னது பலருக்கு நினைவிருக்கலாம். காமிராவின் வயதையும் அதே கணக்கில் எண்ணிப் பார்த்தபோது நமக்கு ஒரு வேடிக்கை தென்பட்டது. குறிஞ்சி பூத்தது 1922இல். வீட்டு உபயோகத்துக்கான 16 மி.மீ. சுருளைக் கோடக் நிறுவனம் வெளியிட்டது 1923இல். அடுத்து 1934; வண்ணச் சுருளான கோடாகுரோம் 1935இல். பின்னர் 1982, தோளில் வைத்துக்கொள்ளும் முதல் வீட்டு வீடியோ காமிராவான சோனி பீட்டாமூவி 1983இல். அதன்பின் 1994; எண்முறையில் பதியும் மினிடிவி நாடா 1995இல். மலை ஒவ்வொரு முறையும் ஓராண்டு முந்திக்கொண்டுவிட்டது. 2006ஐ அடுத்து 2007இல் ஐபோன் வந்ததையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிட ஆசைதான்; ஆனால் முதல் ஐபோனில் நிகழ்படம் எடுக்க வழியில்லை, அது 2009இல்தான் வந்தது. 1946, 1958, 1970 ஆகிய ஆண்டுகளும் கணக்கில் விழவில்லை. தற்செயலுக்கு இதற்குமேல் மரியாதை செய்யவேண்டியதில்லை. காலத்தை அளக்க வசதியான முழக்கோல் என்பதால் வைத்துக்கொள்கிறோம்.

1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கட்டிய இரண்டு வீடுகளோடு தொடங்கிய ஊர் கொடைக்கானல். 1863இல் வியர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான பள்ளி வந்தது. மோட்டார் போகும் மலைப்பாதை 1910களின் நடுவில்தான் அமைந்தது. அதுவரை கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து கூலிக்காட் வழியாக மனிதர்களின் தோளில் ஏறித்தான் மனிதர்கள் போனார்கள். ஆகவே 1923இல் 16 மி.மீ. காமிரா வந்தபோது அதை மலைக்குமேல் கொண்டுபோகச் சாலை இருந்தது, வாங்கக்கூடியவர்களும் இருந்தார்கள். காமிரா, படம்காட்டும் கருவி, முக்காலி, திரை, ஒட்டும் சாதனம் ஆகியவை அடங்கிய தொகுதியின் விலை அமெரிக்காவில் 335 டாலர். அன்றைய நாணய மாற்றில் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அதே ஆண்டில் பிரான்சின் பத்தே நிறுவனம் 9.5 மி.மீ. காமிரா ஒன்றை வெளியிட்டது. சிறியது, மலிவானது, ஆனால் ஒரு சுருள் ஒன்றேகால் நிமிடத்தில் தீர்ந்துவிடும். கோடக்கின் நூறடிச் சுருள் நான்கு நிமிடம் ஓடியது. கைப்பிடியை நொடிக்கு இரண்டு சுற்று வீதம் சீராகச் சுழற்றவேண்டும், முக்காலியும் கட்டாயம். சுருள்வில் விசையில் இயங்கும் காமிரா ஓரிரு ஆண்டுகளில் வந்ததும் முக்காலி போயிற்று. ஆனால் விசை அரை நிமிடத்தில் ஓய்ந்துவிடும் என்பதால் காட்சிகள் துண்டுதுண்டாயின. பழைய வீட்டுப்படங்களில் எல்லோரும் அவசரஅவசரமாகச் சிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சுருள்களில் நெகட்டிவ் கிடையாது. படம்பிடித்த சுருளையே வேதிமுறையில் புரட்டித் திரையிடுவார்கள், செலவு மிச்சம். ஆனால் உலகத்திலேயே ஒரு பிரதிதான் இருக்கும். மிஷனரிகள் விடுப்பில் ஊர் திரும்பும்போது தேவாலயங்களில் போட்டுக்காட்டி நிதி திரட்டவும் அது பயன்பட்டது. பணி முடிந்ததும் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பலேறிவிட்டார்கள். இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்கள் 1911 முதல் 1956 வரை எடுத்த சுமார் 300 படத்துண்டுகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையம் திரட்டி வைத்திருக்கிறது. பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். இத்தகைய படங்களில் நாம் காண்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான காட்சிகளைத்தான்: புல்தரை, தேநீர் மேசை, மட்டக்குதிரைமேல் குழந்தை, படகு, காட்டுப்பயணம். குழந்தையைத் தூக்கிவரும் ஆயாவும் மூட்டை சுமப்பவரும் சட்டகத்தின் ஓரத்தில் வந்து, காமிரா திரும்பியதும் வெட்டுப்பட்டுப் போகிறார்கள். எடுத்தவர் கெட்டவரென்று இதற்குப் பொருளில்லை. நான்கு நிமிடச் சுருளில் யாருக்கு எத்தனை நொடி என்ற கணக்கு வரும்போது முதலில் குறைவது யாருடைய பங்கு என்பதை அச்சுருள்கள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

வண்ணம் வந்தபிறகும் ஒரு பெரிய பகுதி இருட்டிலேயே நின்றது. தொடக்ககாலக் கோடாகுரோமின் ஒளியுணர்வு இன்றைய கணக்கில் ஏறத்தாழ 10தான். இன்றைய கைப்பேசியின் காமிரா ஆயிரங்களில் இயங்குகிறது. உச்சிவெயிலில் ஏரியையும் புல்வெளியையும் எடுக்கலாம். சோலைக்காட்டுக்குள், மரங்கள் கூரையாக மூடிய ஓடைக்கரையில், எதுவும் விழாது. வீட்டுப்படங்களில் பழனி மலையின் சோலைக்காடுகள் எப்போதும் தூரத்தில் ஒரு கறுப்புத் திட்டாகவே தெரிய வேண்டியிருந்தது இதனால்தான். குறிஞ்சியின் நிலையும் அதுவே. வெள்ளைக்காரர்களின் ‘சீசன்’ ஏப்ரலில் தொடங்கி ஜூனில் முடியும். குறிஞ்சி பூப்பதோ ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், மழையிலும் மூட்டத்திலும். அப்போது பெரும்பாலான காமிராக்கள் சமவெளிக்கு இறங்கியிருக்கும். போதாக்குறைக்கு, சில நீலப்பூக்கள் வண்ணச் சுருளில் இளஞ்சிவப்பாக மாறிவிழும் தொல்லை வேறு உண்டு; கண்ணுக்குத் தெரியாத தொலைச்சிவப்பு ஒளியை அவ்விதழ்கள் எதிரொளிப்பது காரணம்.

அந்தப் புல்வெளிகளைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். பழனி மலைகளின் மேட்டுப்பகுதி ஒரு காலத்தில் புல்வெளியும் மடிப்புகளில் சோலையுமாக இருந்தது. குறிஞ்சியின் வீடும் அப்புல்வெளிதான். இருபதாம் நூற்றாண்டில் அதன்மேல் வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் மரங்கள் நடப்பட்டன. தோல் பதனிடப் பட்டையும் காகிதத்துக்குக் கூழும் தேவைப்பட்டன. வெற்றாகக் கிடக்கும் நிலத்தில் மரம் வளர்ப்பது நற்செயல் என்ற எண்ணமும் கூடவே இருந்தது. 2018இல், அதுவும் ஒரு குறிஞ்சி ஆண்டில், வெளியான ஆய்வொன்று 1973க்கும் 2014க்கும் இடையில் இம்மலைகளின் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டது. ஏன் 1973? அதற்கு முந்தைய ஆண்டுதான் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் மேலே போனது. அதற்கு முன்பு மலை எப்படி இருந்தது என்பதற்கு வரைபடங்களும் பயணக்குறிப்புகளும் ஒளிப்படங்களும் இருக்கின்றன. அவற்றோடு, அத்தைக்கும் மாமாவுக்கும் பின்னால், தற்செயலாக, குவியம் மங்கித் தெரியும் மலைச்சரிவும் இருக்கிறது. பிறந்தநாள் கேக்கை எடுத்தவர் மொட்டைக் குன்றையும் சேர்த்து எடுத்துவிட்டார். அவர் எடுக்க நினைத்த பிறந்தநாள் இன்று அக்குடும்பத்துக்கு மட்டும் உரியது. நினையாமல் எடுத்த குன்று நம் எல்லோருக்கும் வேண்டியதாகிவிட்டது.

விடுதலைக்குப் பின்னான முப்பதாண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1957ஐ ஒட்டிய அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு காமிராவும் சுருளும் கிடைப்பதே அரிதாயிற்று. 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, தூசியற்ற மலைக்காற்றை நம்பி அங்கே அமைந்தது. அது தந்தவையோ பெரிதும் கறுப்பு-வெள்ளைச் சுருள்களும் எக்ஸ்-ரே படலங்களுமே. இன்று அதுவும் மூடப்பட்டுவிட்டது. 1965இல் வந்த சூப்பர் 8, பெட்டிபோலச் செருகினால் போதும் என்ற எளிமையால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடுத்தர வர்க்கத்தின் கைக்குப் போனது. நம்மூரில் அது வெளிநாட்டு உறவினர் வந்துபோகும்போது மட்டும் கண்ணில்படும் பொருளாகவே இருந்தது. சிதறிக்கிடக்கும் படத்துண்டின் அருமையை நம்மவர்களில் முன்கூட்டியே உணர்ந்தவர் என்று ஏ.கே. செட்டியாரைச் சொல்லலாம். காந்தி ஆவணப்படத்துக்காக 1930களின் இறுதியில் உலகம் சுற்றிப் பிறர் எடுத்துவைத்திருந்த துண்டுகளைத் தேடித் திரட்டி, 1940இல் படத்தை வெளியிட்டார். அப்படிப்பட்டவர் உழைத்து உண்டாக்கிய படமே பின்னாளில் பல்லாண்டுகள் தேடியும் கிடைக்காமல் இருந்தது.

*

1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அப்பத்தாண்டிலேயே கொடைக்கானல் மலையுச்சியில் தூர்தர்ஷனின் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. தென்மாவட்டங்களில் அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களுக்குக் ‘கொடைக்கானல்’ என்பது முதலில் ஆண்டெனாவைத் திருப்ப வேண்டிய திசை, பிறகுதான் ஊர். தொலைக்காட்சிப் பெட்டி வந்த வீட்டில் அடுத்து வீசிஆர், அதற்கடுத்து காமிரா என்ற ஆசை வரிசை இயல்பாக அமைந்தது.

ஆனால் தேர்ந்தெடுப்பது எளிதாக இருக்கவில்லை. பீட்டாமூவியில் பதியத்தான் முடியும். எடுத்ததை அதிலேயே போட்டுப் பார்க்க முடியாது. 1984இல் ஜேவிசியின் சிறிய விஎச்எஸ்-சி வந்தது. நாடா அரை மணி நேரம், கூட்டுக்குள் வைத்து வீட்டு வீசிஆரில் போடலாம். 1985இல் சோனியின் 8 மி.மீ. வந்தது, ஒன்றரை மணி நேரம் ஓடும், ஆனால் வீட்டு வீசிஆரில் நுழையாது. இவற்றையெல்லாம்விடப் பெரிய கண்ணி வேறொன்று. அமெரிக்காவும் ஜப்பானும் என்டிஎஸ்சி முறை, நாமும் சிங்கப்பூரும் வளைகுடாவின் பெரும்பகுதியும் பால் முறை, சவூதி அரேபியா செகாம். நியூஜெர்சியிலிருந்து அண்ணன் ஆசையாய் வாங்கிவந்த காமிராவில் எடுத்த கொடைக்கானல் பயணம், திண்டுக்கல் வீட்டுத் தொலைக்காட்சியில் வண்ணமற்று உருண்டுகொண்டே ஓடும். துபாயிலிருந்து தம்பி கொண்டுவந்ததில் எடுத்தால் தெளிவாகத் தெரியும். எந்த நாட்டில் வேலை கிடைத்தது என்பது, அந்த வீட்டின் படங்கள் பார்க்கப்பட்டனவா இல்லையா என்பதை இப்படி முடிவு செய்தது. உறவினர் இல்லாதவர்களுக்குச் சென்னை பர்மா பஜார் இருந்தது. அங்கே உத்தரவாதச் சீட்டை எதிர்பார்ப்பது நாகரிகமல்ல.

சொந்தமாக வாங்க இயலாத பெரும்பான்மையினருக்குக் காமிராவோடு ஆளையே வாடகைக்கு அமர்த்துவது வழக்கமாயிற்று. பானசோனிக்கின் தோள்காமிராவும் கண்ணைக் கூசவைக்கும் விளக்கும், அதைப் பிடித்து நிற்க ஒரு பையனும் இல்லாத முகூர்த்தம் 1990களில் அரிது. அந்த வீடியோக்களைக் கேலி செய்வது இலக்கியவாதிகளுக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. இதய வடிவச் சட்டகமும், பின்னணியில் திரைப்பாடலும், தேனிலவுப் பகுதியில் கோக்கர்ஸ் வாக் கம்பிப்பிடியில் சாய்ந்து நிற்கும் மணமக்களும் கேலிக்கு ஏற்றவைதாம். ஆனாலும் நம் தரப்பில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரையும், இலை போட்டவரையும் பாத்திரம் துலக்கியவரையும் சேர்த்து, ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை நிதானமாகத் தடவிக்கொண்டு போனவர் அந்த வாடகைக் காமிராக்காரர்தாம். மூன்று மணி நேர நாடாவில் யாரையும் வெட்டவேண்டிய தேவை இல்லை. பதினாறு மில்லிமீட்டர்ச் சுருளில் ஓரத்தில் நின்றவர்கள் விஎச்எஸ் நாடாவில் நடுவுக்கு வந்தார்கள்.

அத்துடன் ஒலி. மலைவாசத்தல வீட்டுப்படங்களில் மிகப்பெரும்பாலானவை ஊமைப்படங்கள். வீடியோவில்தான் முதன்முறையாக வீட்டு மனிதர்களின் குரல் காட்சியோடு சேர்ந்து நின்றது. வெள்ளி அருவிக்கு எதிரில் பேருந்து நின்றதும் ‘ஏய், பிள்ளையப் பிடி, வழுக்கும்’ என்று கத்தும் ஒரு பெரியம்மாவின் குரல், அவர் பேசிய வட்டாரத்தின் உச்சரிப்போடு, காற்றின் இரைச்சலுக்கு நடுவில் அதில் இருக்கும். இறந்தவர்களின் முகத்துக்கு ஒளிப்படம் இருக்கிறது. குரலுக்குப் பல வீடுகளில் அந்த ஒரு நாடாதான் இருக்கிறது. மொழி குறித்துக் கவலைப்படுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். எழுத்தில் ஏறாத, வானொலிக்கும் வராத பேச்சு கல்யாண வீடியோவில் ஓரமாகப் பதிந்து கிடக்கிறது, எடிட்டர் அதன்மேல் பாட்டுப் போட்டு அழிக்காதிருந்தால்.

1989இல் சோனி, கடவுச்சீட்டு அளவே என்று விளம்பரம் செய்து 790 கிராம் எடையில் ஒரு காமிராவை வெளியிட்டது. 1992இல் ஷார்ப் நிறுவனம் பார்வைத் துளைக்குப் பதில் அகலமான திரையைப் பின்புறம் வைத்தது. எடுப்பவர் கண்ணைக் காமிராவில் புதைக்காமல் எதிரிலிருப்பவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே எடுக்கலாம் என்றானது. 1994இல் குறிஞ்சி பூத்தபோது மலையேறியவை இத்தகைய கைக்காமிராக்கள். மலை அவற்றைச் சோதித்தது. மூட்டம் இறங்கினால் தானியங்கிக் குவியம் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் முன்னும் பின்னும் அலையும். மேலே குளிர்ந்த கருவியைக் கீழே வத்தலக்குண்டு வெக்கையில் உறையிலிருந்து எடுத்தால் உள்ளே நீர்த்திவலை கட்டும். நாடா உருளையில் ஒட்டிவிடாதிருக்கக் காமிராவே பனித்துளி எச்சரிக்கை காட்டித் தன்னை முடக்கிக்கொள்ளும். விஎச்எஸ், 8 மி.மீ. ஆகியவற்றில் வண்ணத்துக்கு ஒதுக்கிய நுணுக்கம் மிகக் குறைவென்பதால், குன்றெல்லாம் நீலமாகப் பூத்திருந்தது பதிவில் ஒரு நீலக் கசிவாகவே நிற்கிறது. 2006இல் கையிலிருந்தது மினிடிவி. வண்ணம் நன்றாகவே விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பதின்மூன்று கிகாபைட் என்பதால் அன்றைய கணினியில் இடம் போதாமல் பலர் அதை நாடாவிலேயே விட்டுவைத்தார்கள்.

விட்டுவைத்ததன் விளைவை இப்போது பார்க்கிறோம். 1938க்குப் பிந்தைய கோடாகுரோம் சுருள், இருளில் வைத்திருந்தால், இன்றும் வண்ணம் மாறாமல் இருக்கிறது. இயந்திரமே இல்லாவிட்டாலும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பாட்டியின் சேலை நிறம் தெரியும். 1994இன் நாடாவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பழுப்பு ரிப்பன்தான். காந்தப்பூச்சு உதிர்கிறது, பிசுபிசுக்கிறது. மலையின் ஈரத்தில் பூஞ்சை வெண்ணிறமாகப் படர்கிறது. உலகில் கடைசியாக வீசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் பூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திக்கொண்டது. ஆகவே எண்முறைக்கு மாற்ற நினைக்கிறவர்கள் வயதில் மூத்ததை முதலில் எடுக்கவேண்டியதில்லை. நாடாக்கள் முதலில், அவற்றிலும் வேறு எங்குமில்லாத குரல் இருப்பவை முதலில், கோடாகுரோம் காத்திருக்கும். அசிட்டேட் சுருளில் புளிக்காடி வாசனை வந்தால் மட்டும் அதுவும் அவசரக் கேஸ்.

அதே மலையில் இன்னொரு காமிராவும் இருக்கிறது. 1901 முதல் இயங்கிவரும் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 1904இலிருந்து சூரியனைத் தொடர்ந்து படமெடுத்துவருகிறது. அந்தக் கண்ணாடித் தகடுகளும் படலங்களும் நாள், நேரக் குறிப்போடு பாதுகாக்கப்பட்டு இன்று எண்முறையிலும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. நூறாண்டுக்கு முந்தைய ஒரு நாளில் சூரியன் எப்படி இருந்ததென்று கேட்டால் விடை உண்டு. அதே நாளில் அந்தச் சூரியனின் கீழே மன்னவனூர்ச் சரிவு எப்படி இருந்தது என்று கேட்டால், யார் வீட்டுப் பரணில் தேடுவது என்று தெரியவில்லை.

தேதி என்பது சிறிய விஷயமல்ல. கோடக் தன் சுருள்களின் விளிம்பில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறிகளை அச்சிட்டுவந்தது. அவை தயாரிப்பு ஆண்டைச் சொல்லும் சங்கேதம். இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருமென்றாலும், படத்திலிருக்கும் மோட்டார் வண்டியைக் கொண்டு எந்தச் சுற்று என்று கண்டுகொள்ளலாம். பெட்டியும் பெயரும் தொலைந்த அநாதைச் சுருளுக்குக்கூட இப்படி ஒரு பிறந்த ஆண்டு இருக்கிறது. வீடியோ நாடாவின் மூலையில் எரியும் வெள்ளை எண்களை நம்பமுடியாது. காமிரா வாங்கிய அன்று யாரும் கடிகாரத்தைத் திருத்தியிருக்க மாட்டார்கள், எல்லாக் கல்யாணமும் ஜனவரி முதல் தேதியில் நடந்திருக்கும். 2018 குறிஞ்சியைக் கைப்பேசியில் எடுத்தவர்களின் மூலக்கோப்பில் நாள், மணி, பல நேரங்களில் இடமும்கூடப் பொதிந்திருந்தன. வாட்ஸப்பில் அத்தைக்கு அனுப்பியபோது படம் சுருங்கியது, அந்தக் குறிப்புகளும் உதிர்ந்தன. கைப்பேசி மாறியது, மூலக்கோப்பு போயிற்று. வீட்டில் இப்போது இருப்பது அத்தையிடமிருந்து திரும்பிவந்த பிரதி.